வருஷத்துக்கு ஒரு நாள் மூடும் கேட்டு

ஊரில் அவளைக் கேட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கேட்டில் வேலை பார்க்கிற அக்கா என்பதால் வந்த பெயர் அது. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் எங்கே கிளம்பிட்டீங்க, முட்டிவலி எப்படி இருக்கு, பையனுக்கு வேலை கிடைச்சுதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அதனால் ‘கேட்ட அக்கா’ என்று பிரித்துச் சொன்னாலும் பொருந்தும் என்று அவள் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அவள் காவல் இருந்தது ஒரு புல்வெளிக்கு. முப்பத்தெட்டு ஏக்கர். ஒரு பக்கம் ஆறு, எதிர்ப்பக்கம் ரயில் பாதை. நீளவாக்கில் ஒரு முனை ஆஸ்பத்திரித் தெருவில் முடியும், மறுமுனை ஸ்டேஷன் தெருவில். நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை. அதில் நடந்தால் பத்து நிமிஷம். சாலையோடு போனால் ரயில் பாதையைத் தாண்டி, பழைய மில்லைச் சுற்றி, மறுபடியும் ரயில் பாதையைத் தாண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும்.

நிலம் மன்னருடையது. அவர் தலைநகரத்தில் இருந்தார். அவருடைய முன்னோர் யாரோ குதிரைகளை மேய விடுவதற்காக வைத்திருந்த இடம். குதிரைகள் போன இடம் தெரியவில்லை, புல் மட்டும் மிச்சம். ஆஸ்பத்திரித் தெரு முனையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு இரட்டைக் கதவு இரும்புக் கேட்டு. பக்கத்தில் ஒரு பலகை: ‘மன்னருக்குச் சொந்தமான நிலம். இதில் நடப்பவர்கள் அவருடைய அனுமதியின்பேரில் நடக்கிறார்கள்.’ ஊரில் தினமும் ஆயிரம் பேர் அந்தப் பலகையைத் தாண்டிப் போனார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் அதிகம்.

இருபத்து நான்கு வயதில் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை வெளுத்துக்கொண்டிருந்தாள். வெந்நீரிலும் சோடாவிலும் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. பழைய காவல்காரர் மகன் வீட்டோடு போய்விட்டார் என்று காதில் விழுந்ததும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அரண்மனை நில அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஒரு மேனேஜர் இருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துவிட்டு அதையே மேஜையெல்லாம் தேடுகிற ஆள்.

“எழுதத் தெரியுமா?” என்று கேட்டார்.

“எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன் சார்.”

ஒரு தாளைக் கொடுத்து விலாசம் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், “முத்து முத்தா இருக்கே” என்றார். வேலை அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

கேட்டை ஒட்டி, வெளிப்புறத்தில், அவளுக்கு இரண்டு அறை வீடு. முன்னறை ஜன்னலில் நின்றால் பாதை முழுக்கத் தெரியும். மாடு நுழைந்தால் விரட்ட வேண்டும். குப்பை கொட்டினால் சத்தம் போட வேண்டும். கோடையில் காய்ந்த புல்லில் பீடி வீசுகிறவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் சொல்லி முடித்த பிறகு மேனேஜர் குரலைத் தணித்தார்.

“மத்த வேலையெல்லாம் யார் வேணும்னாலும் செய்யலாம்மா. உன்னை வைக்கிறதே ஒரே ஒரு நாளுக்காகத்தான். மார்ச் மாசம் முதல் செவ்வாய்க்கிழமை, காலையில ஆறு மணியிலேர்ந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கேட்டை மூடணும். ஒரு ஈ காக்கா உள்ள போகக் கூடாது.”

“ஏன் சார்?”

“இருபது வருஷம் யாரும் தடுக்காம ஜனங்க ஒரு இடத்துல நடந்தா, அது ஜனங்களோட வழி ஆயிடும். அது சட்டம். வருஷத்துக்கு ஒரு நாள் தடுத்துட்டா, மன்னர் நிலம் மன்னர் நிலமாவே இருக்கும். அதுக்குத்தான்.”

நீளமான ஒரு பதிவேட்டைக் கொடுத்தார். பக்கத்துக்கு நான்கு கட்டம்: தேதி, மூடிய நேரம், திறந்த நேரம், குறிப்பு. அடியில் மேனேஜர் கையெழுத்துக்கு இடம்.

முதல் வருஷம் அந்தச் செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து குளித்து, இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். ஸ்டேஷன் தெருவிலிருந்து புல்வெளிக்கு இறங்கும் படிக்கட்டில் போய் ஒரு கயிறு கட்டி ‘இன்று வழி இல்லை’ என்று அட்டை மாட்டிவிட்டு வந்தாள். சரியாக ஆறு மணிக்குப் பெரிய கேட்டின் இரண்டு கதவையும் இழுத்துப் பூட்டினாள். மன்னரே பின்னால் நின்று பார்க்கிற மாதிரி ஒரு பெருமை அவளுக்கு.

ஆறே காலுக்கு ஒரு பெண் கயிற்றுக்குக் கீழே குனிந்து நுழைந்து, புல்வெளி நெடுக ஓட்டமும் நடையுமாக வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருந்த நர்ஸ். சலவைக்கூடத்தில் பார்த்துப் பழகிய முகம்தான்.

“இன்னைக்கு மூடியிருக்கு சிஸ்டர். சுத்திப் போங்க.”

“ஆறரைக்கு டூட்டி மாத்தணும். இப்பத்தான் ரெண்டாவது வாரம். திரும்பிப் போய்ச் சுத்தி வந்தா ஏழே கால் ஆயிடும்.” நர்ஸ் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அந்த வார்டுல எல்லாம் குழந்தைங்க.”

கேட்டக்கா பூட்டைப் பார்த்தாள். நர்ஸைப் பார்த்தாள். பெரிய கேட்டின் இடது கதவில் ஆள் ஒருவர் குனிந்து போகிற அளவுக்கு ஒரு திட்டிவாசல் இருந்தது. அதற்குத் தாழ்ப்பாள் மட்டும்தான். அதை விலக்கினாள்.

“அவசரம்னா வேற என்ன பண்றது. தலையைக் குனிஞ்சு வாங்க, இடிச்சுக்காதீங்க.”

நர்ஸுக்குப் பின்னால் ஒரு அடுமனைத் தொழிலாளி. அவருக்குப் பின்னால், ஊருக்குப் போகிற ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று பெட்டியோடு ஒரு குடும்பம் இந்தப் பக்கமிருந்து. எல்லோரிடமும் “அவசரமா?” என்று கேட்டாள். எல்லோரும் அவசரம் என்றார்கள். யாரையும் பொய்க்காரர் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரிய கேட்டைத் திறந்துவிட்டு, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஈ காக்கா போகக் கூடாது என்றார். எழுபத்தொரு பேர் போயிருந்தார்கள்.

பொய் எழுத மனசு வரவில்லை. மூடிய நேரம் காலை ஆறு, திறந்த நேரம் மாலை ஆறு என்று எழுதினாள். அது உண்மை. குறிப்புக் கட்டத்தில், நுணுக்கி நுணுக்கி, ஒவ்வொருவராக எழுதினாள். ‘ஒரு நர்ஸ், டூட்டிக்கு நேரமாகிவிட்டது, விட்டேன். ரொட்டிக்கடை ஆள் ஒருவர், அடுப்பு அணைந்துவிடும் என்றார், விட்டேன்.’ கட்டம் போதாமல் பின்பக்கமும் போயிற்று. மறுநாள் பதிவேட்டை மேனேஜரிடம் கொண்டுபோய் நீட்டினாள். அவர் நேரக் கட்டத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், “நல்லது” என்று திருப்பிக் கொடுத்தார்.

வேலை போகவில்லை. திட்டுக்கூட விழவில்லை. சரி, குறிப்பு எழுதினால் போதும்போல என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுவருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை ஸ்டேஷன் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். சாய்கிற நாற்காலி ஒன்று, சாயாத நாற்காலி ஒன்று, மூலையில் விரிசல் விட்ட கண்ணாடி, ஒரு ரேடியோ. கடைக்கு மேலே இருந்த அறையைக் காலி செய்துவிட்டு அவர் கேட்டு வீட்டுக்குக் குடிவந்தார். நண்பர்கள் விடுவார்களா? வீட்டோடு மாப்பிள்ளை என்று சொல்லாமல், ஒரு படி மேலே போய் ‘மன்னர் வீட்டு மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் அதைப் பெருமையாகவே வைத்துக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு அவர் சீப்புப் பெட்டியை இடுக்கிக்கொண்டு, வாயில் ஒரு பாட்டோடு, திட்டிவாசலுக்கு வந்தார்.

“அவசரமா?” என்று கேட்டாள்.

“எனக்கென்ன அவசரம். கடைக்குத்தான் போறேன்.”

“அப்ப சுத்திப் போங்க.”

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“ஏய், விளையாடாத. எனக்கு முன்னாடிதானே ஒரு பொம்பளை பூச்செடியை வச்சுக்கிட்டுப் போனா?”

“அது வாடிடும்னு சொன்னாங்க. நீங்க அவசரமில்லைன்னு உங்க வாயாலயே சொன்னீங்க. கடை உங்களோடது, லேட்டாப் போனா யாரு கேக்கப் போறா? வீட்டு மனுஷன்னு உங்களை விட்டா நாளைக்கு ஊரு என்ன பேசும்?”

அவர் மில்லைச் சுற்றி நடந்தார். சாயங்காலம் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். ‘முடிதிருத்துபவர் ஒருவர், அவசரம் இல்லை, விடவில்லை’ என்று இருந்தது.

“முடிதிருத்துபவர் ஒருவரா? நான் உன் புருஷன்டி.”

“புத்தகத்துல அதெல்லாம் எழுத முடியாது.”

அதற்கடுத்த வருஷம் “பயங்கர அவசரம்” என்று வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததுமே பொய் என்று தெரிந்துவிட்டது. விடவில்லை. இப்படியே வழக்கமாகிவிட்டது. ஊரில் அன்றைக்குச் சுற்றிப் போகிற ஒரே ஆள் அவர்தான். மகள் பிறந்து, வளர்ந்து, ஸ்டேஷன் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு அவளைக்கூட ‘ஒரு மாணவி, பரீட்சை’ என்று எழுதி விட்டுவிட்டாள். அப்பாவும் மகளும் சேர்ந்து வாசலுக்கு வருவார்கள். மகள் குனிந்து உள்ளே போய்த் திரும்பி நின்று, “டாட்டா அப்பா” என்று கை அசைப்பாள்.

இப்படி இருபத்திரண்டு வருஷம் ஓடியது. வெடித்த விரல்கள் என்றோ ஆறிப்போயின. அவளுக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது. காலையில் ஜன்னலைத் திறந்தால் பனியோடு புல். அதற்குள்ளிருந்து ஒவ்வொரு தலையாக எழும்பி வருகிற ஆட்கள். யார் வேகமாக நடக்கிறார், யார் கால் இழுக்கிறது, யார் இரண்டு நாளாகக் காணோம் என்று அவளுக்கு அத்துபடி. நிலம் மன்னருடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவர் உப்பைத் தின்கிறோம் என்று சுத்தமாக வைத்திருந்தாள். ஒரு காகிதம் கிடந்தால் பொறுக்காது.

அந்த வருஷம் ஆகஸ்டில் மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். புல்வெளியை ஒரு பெரிய ஹோட்டல்காரர்களுக்குக் குத்தகைக்கு விடப் போகிறார்கள். கேட்டு நிரந்தரமாக மூடப்படும். சுற்றிலும் சுவர்.

“அப்ப ஜனங்க?” என்றாள்.

“சாலை இருக்கே.”

செய்தி ஊருக்குள் போனது. முதல் வருஷம் ஓடி வந்த அந்த நர்ஸ் இப்போது ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவள்தான் முன்னால் நின்று கையெழுத்து வாங்கினாள். ஊர் வக்கீல் ஒருவர் மனு எழுதிக் கொடுத்தார். இருபது வருஷத்துக்கு மேலாக ஜனங்கள் நடக்கிறார்கள், ஆகவே இது பொது வழி என்பது மனு. அரண்மனை தரப்பு ஒரே வரியில் பதில் போட்டது: வருஷத்துக்கு ஒரு நாள் தடுத்திருக்கிறோம், பதிவேடு இருக்கிறது. விசாரணை அதிகாரி வருகிறார், அசல் பதிவேட்டோடு வரவும் என்று கடிதம் வந்தது.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் மேனேஜர் கேட்டு வீட்டுக்கு வந்தார். கையெழுத்தெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்திருந்தார். கேட்டக்கா பீரோவிலிருந்து பதிவேட்டை எடுத்துத் துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். அவர் புரட்டினார். நேரக் கட்டம், கையெழுத்து. நேரக் கட்டம், கையெழுத்து. எதற்காகவோ கண் ஓரத்துக் கட்டத்துக்குப் போனது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். ஒரு பக்கம் படித்தார். அடுத்த பக்கம் படித்தார். தண்ணீர் கேட்டார்.

“இதை நான் படிக்கவே இல்லையேம்மா.”

“கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்.”

“போட்டிருக்கேன்.” தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டார். “இந்த மை, ஈரம் பட்டா கலைஞ்சிடும் இல்ல?”

“பட்டா கலையும் சார். பீரோல மேல்தட்டுல வச்சிருக்கேன். ஈரம் படாது.”

அவர் தலையை ஆட்டினார். நல்ல மனுஷன்தான், அந்த யோசனையை அதோடு விட்டுவிட்டார். பதிவேட்டை அவரே துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, எடுத்துக்கொண்டு போனார்.

விசாரணைக்கு முந்தின இரண்டு நாள் கேட்டக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டார். “எதுக்கு இப்படி இடிஞ்சுபோய் உட்கார்ந்திருக்க?”

“சொன்ன வேலையைச் செய்யலைங்க நான். இத்தனை வருஷம் குடியிருக்க இடம் கொடுத்தவங்களுக்கு நாளைக்கு என்னாலயே நிலம் போகப் போகுது. எழுதாமலாவது இருந்திருக்கலாம்.”

“எழுதாம இருந்தா நீ தூங்கியிருப்பியா?”

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அவர் அவளுடைய தட்டிலிருந்த சோற்றைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தார். சோறு வீணாகக் கூடாது என்பதில் அவர் கறார்.

பள்ளிக்கூடத்து ஹாலில் விசாரணை நடந்தது. குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு இடித்து நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். பேச்சு குறைவு. அரண்மனை வக்கீல் எழுந்து, தேதியும் நேரமும் மட்டும் தட்டச்சு செய்து வைத்திருந்த தாளைப் படித்தார். இருபத்திரண்டு வருஷம், இருபத்திரண்டு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. ஹாலில் முனகல் எழுந்தது. தலைமை நர்ஸ் முகம் வாடிவிட்டது.

ஊர் வக்கீல் எழுந்து, “அசலைப் பார்க்கலாமா மேடம்?” என்றார். மேனேஜர் முடிச்சை அவிழ்த்துப் பதிவேட்டை மேஜைமேல் வைத்தார். ஊர் வக்கீல் முதல் பக்கத்தைத் திறந்தார். குறிப்புக் கட்டத்தில் விரலை வைத்தார். பிறகு, “இதை அப்படியே படிச்சுடறேன்” என்றார்.

“ஒரு நர்ஸ், டூட்டிக்கு நேரமாகிவிட்டது, விட்டேன்.”

தலைமை நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் படித்துக்கொண்டே போனார். ‘இரண்டு பேர், ஏணியோடு, ஏணி திட்டிவாசலில் நுழையவில்லை, மேலே தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள்.’ பின் வரிசையில் ஒருவர், “எங்க அண்ணனும் நானும்தான்” என்றார். ‘ஒரு பெரியவர், பல் வலி.’ ‘ஒரு ஆள், வேலைக்கு நேர்காணல், சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு அனுப்பினேன்.’ ஹாலில் சிரிப்பு கிளம்பி, ஆளுக்கு ஆள் திரும்பிப் பார்த்து, இது நீதானே, அது உங்க மாமாதானே என்று ஒரே சலசலப்பு. அதிகாரி மேஜையைத் தட்ட வேண்டியிருந்தது.

பதினோராவது வருஷத்தில் ஒரு வரி வந்தது. ‘ஒரு பெண், கையில் குடை, அழுதிருந்தாள், காரணம் கேட்கவில்லை, விட்டேன்.’

சலசலப்பு அடங்கியது. ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண் மெதுவாக எழுந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். “அது நான்” என்றாள். “எங்க அப்பா ஆஸ்பத்திரில இருந்தாரு. நான் போய்ச் சேர்றப்ப அவருக்கு உயிர் இருந்துச்சு. பேசினாரு.” சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கேட்டக்கா குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரையும் எங்கே ஏன் என்று கேட்கிறவள், அந்தப் பெண்ணை மட்டும் அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

அரண்மனை வக்கீல் அவளைக் கூப்பிட்டார்.

“உங்களுக்குக் கொடுத்த வேலை என்ன?”

“அன்னைக்கு ஒரு நாள் யாரையும் விடக் கூடாதுங்கிறது.”

“அப்புறம் ஏன் விட்டீங்க?”

“அவசரம்னு சொன்னாங்க சார். என்னால முடியல. தப்புன்னு தெரியும். அதனாலதான் எழுதி வச்சேன். படிச்சா திட்டுவாங்க, வேலையை விட்டு எடுத்துடுவாங்கன்னு ஒவ்வொரு வருஷமும் பயந்துக்கிட்டுத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. சரி, மன்னருக்கும் இதுல ஆட்சேபணை இல்லைபோலன்னு நினைச்சுக்கிட்டேன்.”

அதிகாரி தன் தாளில் இதை முழுக்க எழுதிக்கொண்டார். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார்.

அரண்மனை வக்கீல் விடுகிற ஆள் இல்லை. பதிவேட்டை வாங்கிப் பரபரவென்று புரட்டினார். அவர் முகம் தெளிந்தது. “மேடம், ஒருத்தர் தடுக்கப்பட்டிருக்கார். ‘முடிதிருத்துபவர் ஒருவர், அவசரம் இல்லை, விடவில்லை.’ இங்கே. அடுத்த வருஷமும். அதுக்கடுத்ததும். இருபத்தொரு தடவை. பொதுமக்கள்ல ஒருத்தரைத் தடுத்திருந்தாலும் தடுத்ததுதான். அந்த ஆள் இங்கே இருக்காரா?”

ஹாலே திரும்பிப் பார்த்தது. கடைசிப் பெஞ்சிலிருந்து மன்னர் வீட்டு மாப்பிள்ளை எழுந்து முன்னால் வந்தார். கடைக்குப் போட்டிருந்த வெள்ளை மேலங்கியைக் கழற்றாமலே வந்திருந்தார்.

“உங்களை அன்னைக்கு உள்ளே விடலையா?”

“விடல சார்.”

“ஒரு வருஷம்கூட?”

“ஒரு வருஷம்கூட. காய்ச்சலோட போனேன், அப்பவும் விடல.”

“காய்ச்சல்னா வீட்ல படுங்கன்னு சொன்னேன்” என்றாள் கேட்டக்கா, இருந்த இடத்திலிருந்தே.

“அப்போ கேட்டு மூடியிருந்ததுன்னு நீங்க சொல்றீங்க” என்றார் வக்கீல் வெற்றியோடு.

“எனக்கு மூடியிருந்துச்சு.”

அதிகாரி பேனாவை வைத்தார். “இந்த அம்மா உங்களுக்கு என்ன வேணும்?”

“வீட்டுக்காரி மேடம்.”

ஹால் வெடித்தது. அதிகாரி மேஜையைத் தட்டினார். ஆனால் அவரே தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டதை முன்வரிசைக்காரர்கள் பார்த்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பாதையில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். பாதி தூரத்தில் அவள் சொன்னாள். “உங்களாலதான் ஊரோட கேஸ் போகப் போகுது, பாருங்க.”

“என்னாலயா?” அவர் நின்றேவிட்டார். “ஊருக்கே வழி விட்டுட்டு என்னை மட்டும் மில்லைச் சுத்த விட்டது யாரு?”

“முதல் வருஷம் அவசரம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னவாம்?”

“பொண்டாட்டிகிட்ட என்ன பொய் சொல்றதுன்னு விட்டுட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரமாக வராத சிரிப்பு. நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் சிரித்தாள். அவருக்கும் தொற்றிக்கொண்டது. எதிரே வந்த தபால்காரர் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. நிலத்தின் சொந்தக்காரர் தரப்பே ஆண்டுதோறும் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட பதிவேட்டின்படி, ஜனங்கள் இருபத்திரண்டு ஆண்டுகள் தடையின்றி நடந்திருக்கிறார்கள், ஆகவே இந்தப் பாதை பொது வழி. முடிதிருத்துபவரைப் பற்றித் தனியாக ஒரு பத்தி இருந்தது: ‘மனைவி கணவரைத் தடுத்தது குடும்பத்துக்குள் நடந்தது. அதைப் பொதுமக்களைத் தடுத்ததாகக் கொள்ள இயலாது.’ அந்தப் பத்தியை அவர் நகல் எடுத்துக் கடைக் கண்ணாடியில் விரிசலை மறைக்கிற மாதிரி ஒட்டிவைத்தார். ஹோட்டல்காரர்கள் வேறு ஊர் பார்த்துக்கொண்டார்கள். அரண்மனை மேல்முறையீடு செய்யவில்லை. பாதை போன பிறகு பாக்கிப் புல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று, முப்பத்தெட்டு ஏக்கரையும் பொது நிலமாக நகராட்சியிடம் கொடுத்துவிட்டது.

மேனேஜர் என்ன ஆவாரோ என்று கேட்டக்கா பயந்தாள். அவருக்கு ஓய்வு பெற நான்கு மாதம்தான் இருந்தது. ஒரு கடிதத்தில் கண்டித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அவர் ஒருநாள் வந்து பலகையைக் கழற்றுவதை மேற்பார்வை பார்த்தார். போகும்போது சொன்னார். “மத்த எல்லாக் காகிதத்தையும் ராத்திரி பகலா படிச்சேம்மா. சுவாரஸ்யமா ஒரு வரி கிடையாது. படிக்க வேண்டியதை விட்டுட்டேன்.”

நகராட்சியிலிருந்து ஒரு எழுத்தர் வந்தார். இரண்டு அறை வீட்டிலேயே இருக்கலாம், நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தொடரலாம் என்றார். அவள் யோசிக்க ஒரு நாள் கேட்டாள். யோசிக்கிறதுக்கு என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குப் புரியவில்லை.

“இத்தனை நாள் ஒருத்தர் நிலம், அவருக்குப் பதிலா நான் பார்த்துக்கிட்டேன். இப்ப யாருக்குப் பதிலா?” என்றாள்.

“நம்ம நிலம். நமக்குப் பதிலா நீ.”

மறுநாள் சரி என்று சொல்லிவிட்டாள்.

வேலை முன்பைவிடக் கூடிப்போனது. மன்னரின் நிலமாக இருந்தபோது வாய் திறக்காமல் நடந்தவர்கள், தங்கள் நிலமானதும் ஆளுக்கொரு யோசனையோடு வந்து நின்றார்கள். ஒருவருக்கு ஆற்றோரம் பெஞ்சு வேண்டும். இன்னொருவருக்குப் பெஞ்சே கூடாது, வேலையற்றவன் எல்லாம் வந்து உட்காருவான். புல்லை வெட்டு என்று ஒரு கூட்டம், வெட்டாதே என்று ஒரு கூட்டம்.

“முன்னாடி ஒரு மன்னர், அவரும் வந்ததே இல்ல. இப்ப நாப்பதாயிரம் மன்னருங்க, தினமும் வர்றாங்க” என்றார் வீட்டுக்காரர்.

போன மாதம் குடிதண்ணீர்க் குழாய் வைக்க ஆட்கள் வந்தார்கள். எங்கே வைப்பது என்று இரண்டு மணி நேரம் சண்டை. ஸ்டேஷன் பக்கம் வேண்டும் என்று கடைக்காரர்கள், ஆஸ்பத்திரிப் பக்கம் வேண்டும் என்று தலைமை நர்ஸ். கேட்டக்கா நடுவில் நின்று எல்லோருடைய பேச்சையும் கேட்டாள். பிறகு பாதையின் நடுவில், ஆற்றுக்குப் போகிற சரிவு தொடங்கும் இடத்தில், ஒரு குச்சியை ஊன்றினாள்.

“இங்கதான் எல்லாரும் மூச்சு வாங்கி நிப்பாங்க. இருபத்திரண்டு வருஷமா ஜன்னல்ல இருந்து பார்த்திருக்கேன்.”

குழாய்க்காரர் கடப்பாரையை எடுத்தார். அவள் ஒரு அடி தள்ளி நின்று, பள்ளம் நேராக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து நல்ல காற்று வந்தது.